கடைசித் தையலுக்கு முன்

குடல்வால் வெடித்தோ, இரைப்பைப் புண் ஓட்டையாகியோ, குடல் அடைத்துக்கொண்டோ நடுராத்திரியில் தூக்கிவரப்படும் ஒருவரின் வயிற்றைத் திறந்து உயிரைக் காப்பாற்றுவது இன்று மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலேயே நடக்கிற காரியம். ஓட்டையை அடைத்து, வயிற்றைக் கழுவி, தையல் போட்டு வார்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தொல்லை அதற்குப் பிறகு, ஐந்தாம் நாளோ எட்டாம் நாளோ தொடங்குகிறது. தையலைச் சுற்றிச் சிவந்துபோகிறது, தொட்டால் சுடுகிறது, இரண்டு தையலுக்கு நடுவே சீழ் கசிகிறது. தையலைப் பிரித்துவிட்டுத் தினமும் டிரெஸ்ஸிங் செய்ய வேண்டியிருக்கிறது. வாரக்கணக்கில் வேலைக்குப் போக முடிவதில்லை. சிலருக்கு உள்தையலும் விட்டுப்போய் வயிறு பிரிகிறது. ஆறிய பிறகும் அந்த இடத்தில் குடலிறக்கம் வரக்கூடும். இப்படி ஆகும்போது வீட்டார் முதலில் சந்தேகப்படுவது சாப்பாட்டை. கத்திரிக்காய் கொடுத்துவிட்டோமா, கருவாடு சேர்ந்துவிட்டதா, பத்தியம் தவறிவிட்டதா என்று விசாரணை நடக்கும். அடுத்த சந்தேகம், புண்ணில் தண்ணீர் பட்டிருக்குமோ என்பது. கடைசியில் பழி நோயாளியின் தலையிலோ, அவரைப் பார்த்துக்கொண்டவர் தலையிலோ விழுகிறது. உண்மையில் இந்தச் சீழில் பெரும்பாலானவற்றுக்கான விதை, நோயாளி ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வருவதற்கு முன்பே விழுந்துவிட்டது. ஆகவே அதைத் தடுக்கும் வேலையும் கடைசித் தையலுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பின் வாங்குகிற விலையுயர்ந்த கட்டும், நாள்கணக்கில் நீட்டிக்கிற ஆன்டிபயாடிக்கும் பெரிதாக எதையும் மாற்றுவதில்லை. கடந்த சில ஆண்டுகளில் வந்த பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் இந்த முடிவுக்குத்தான் வர முடிகிறது.

கிருமிகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். மூட்டு மாற்றும் ஆபரேஷன் போன்ற சுத்தமான அறுவையில் ஆபத்து வெளியிலிருந்து, குறிப்பாகத் தோலிலிருந்து வருகிறது. அவசர வயிற்று அறுவையில் ஆபத்து நோயாளியின் உள்ளேயே இருக்கிறது. அமிலத்தின் புண்ணியத்தால் இரைப்பையில் கிருமிகள் குறைவு. கீழே இறங்க இறங்கப் பெருகிக்கொண்டே போய், பெருங்குடலுக்குள் ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் கோடி என்ற அளவை எட்டுகின்றன. குடலுக்குள் இருக்கும்வரை அவற்றால் தொந்தரவு இல்லை. குடல் ஓட்டையானதும் அவை கிருமியே இல்லாத வயிற்றறைக்குள் கொட்டுகின்றன. அங்கிருந்து உறிஞ்சு குழாய், மருத்துவரின் விரல்கள், இடுக்கிகள் வழியாக வெட்டுக்காயத்தின் விளிம்புக்கு வந்து சேர்கின்றன. அந்த விளிம்பில் தோலுக்கு அடியில் இருப்பது கொழுப்பு. அதில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் வெள்ளை அணுக்களும் மருந்தும் போய்ச் சேரத் தாமதமாகும். ஒரு கிராம் திசுவில் ஏறக்குறைய ஒரு லட்சம் கிருமிகளைத் தாண்டினால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு சட்டென்று கூடுகிறது என்பது பழைய கணக்கு. ஆனால் நூல் ஒன்று உள்ளே இருந்தால் அந்தக் கணக்கே மாறிவிடுகிறது. எலெக், கோனன் என்ற இரு ஆய்வாளர்கள் 1957இல் தன்னார்வலர்களின் தோலில் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். சீழ் உண்டாக்க லட்சக்கணக்கில் கிருமிகள் தேவைப்பட்டன. அதே கிருமியைப் பட்டு நூலோடு சேர்த்து வைத்தபோது சில நூறு கிருமிகளே போதுமானவையாக இருந்தன. வயிற்றை மூடுவது என்பது ரத்த ஓட்டம் குறைந்த கொழுப்பின் ஊடாக நூலை இழுத்து அதை உள்ளேயே விட்டுவருவதுதான். அந்த நேரத்தில் நூலோடு என்ன உள்ளே போகிறது என்பது மிக முக்கியம்.

நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்குச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரலாம், புகைப்பதை நிறுத்தச் சொல்லலாம், ஊட்டம் ஏற்றலாம். அவசர அறுவையில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. வாந்தியெடுத்து உடல் வற்றி, ரத்த அழுத்தம் இறங்கி, கைகால் சில்லிட்டு வருகிறவரின் உடல், தோலுக்கும் கொழுப்புக்கும் போகிற ரத்தத்தைக் குறைத்துக்கொண்டு மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்புகிறது. காயத்தின் காவல் அங்கேயே தளர்ந்துவிடுகிறது. ஏழ்மை இதைக் கூட்டுகிறது. 66 நாடுகளின் 343 மருத்துவமனைகளில் 12,539 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியான குளோபல்சர்ஜ் ஆய்வில், இரைப்பை குடல் அறுவைக்குப் பின் காயத்தில் தொற்று கண்டவர்கள் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் உயர்ந்த நாடுகளில் 9.4 சதவீதம், நடுத்தர நாடுகளில் 14, பின்தங்கிய நாடுகளில் 23.2. நோயின் கடுமையையும் அறுவையின் வகையையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை.

தியேட்டருக்குள் முதல் முக்கியமான நேரம் கத்தி வைப்பதற்கு முன் வருகிறது. 1961இல் ஜான் பர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் கினிப்பன்றிகளின் தோலில் கிருமியைச் செலுத்தி, ஆன்டிபயாடிக்கை வெவ்வேறு நேரங்களில் கொடுத்துப் பார்த்தார். கிருமி நுழைவதற்கு முன்பே மருந்து திசுவில் இருந்தபோது புண் வரவே இல்லை என்று சொல்லலாம். மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்த மருந்து, கொடுக்காததற்குச் சமமாகிவிட்டது. மனிதர்களிடமும் இதே கதைதான் என்பதை 1992இல் டேவிட் கிளாசனும் கூட்டாளிகளும் 2,847 நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு காட்டினார்கள். அறுப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 சதவீதம் பேருக்குத்தான் காயத்தொற்று. மிக முன்னதாகவே பெற்றவர்களில் 3.8 சதவீதம், ஆபரேஷன் தொடங்கி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் பெற்றவர்களில் 3.3 சதவீதம். உலக சுகாதார நிறுவனமும் இன்று 120 நிமிடக் கணக்கையே சொல்கிறது. அவசர அறுவையில் இந்தக் கணக்கு தவறுவது எளிது. இரவு பத்து மணிக்கு அவசரப் பிரிவில் ஊசி போட்டாகிவிட்டது என்று சீட்டில் எழுதியிருக்கும். ஸ்கேன், ரத்தம், மயக்க மருத்துவர் என்று காத்திருந்து கத்தி வைக்கும்போது மணி இரண்டு. மருந்து கொடுத்தது உண்மை. வெட்டும் நேரத்தில் அது திசுவில் போதிய அளவு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. செஃபசோலின் போன்ற மருந்துகளை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ரத்தம் அதிகம் போனால் அதற்கு முன்பே, மறுபடி கொடுக்க வேண்டும். இது புதிய மருந்து கேட்கிற காரியமில்லை. கத்தி வைப்பதற்கு முன் "கடைசி டோஸ் எத்தனை மணிக்கு?" என்று ஒருவர் உரக்கக் கேட்டால் போதும்.

முன்னால் தவறவிட்டதைப் பின்னால் ஈடுகட்டிவிடலாம் என்ற நம்பிக்கைதான் ஏழு நாள், பத்து நாள் ஆன்டிபயாடிக்காக வார்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. "இங்கே வெயில், தூசி, கூட்டம், ஒரே கட்டிலை ஒட்டி இன்னொரு கட்டில், வெளிநாட்டுக் கணக்கை இங்கே பொருத்த முடியாது" என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். சொல்பவர்களின் அக்கறை உண்மையானது, அதைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் இங்கே இரண்டு வேலைகள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. வயிற்றுக்குள் ஏற்கெனவே பரவிய சீழுக்கு மருந்து கொடுப்பது சிகிச்சை. அதற்கும் எவ்வளவு நாள் தேவை என்று 518 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. ஓட்டையைச் சரியாக அடைத்துச் சீழை வெளியேற்றிய பின், சுமார் நான்கு நாள் மருந்து பெற்றவர்களுக்கும் சுமார் எட்டு நாள் பெற்றவர்களுக்கும் முடிவில் வேறுபாடு இல்லை: சிக்கல்கள் 21.8 சதவீதம், 22.3 சதவீதம். காயத்தில் சீழ் பிடிக்காமல் தடுப்பதற்காக மட்டும் மருந்தைத் தையலுக்குப் பின்னும் தொடர்வது இன்னொரு வேலை. அது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016லேயே சொல்லிவிட்டது. கூட்டமும் தூசியும் உள்ள வார்டில்தான் எதிர்ப்புசக்தி பெற்ற கிருமிகள் கட்டிலுக்குக் கட்டில் தாவுகின்றன. மேலே சொன்ன 66 நாட்டு ஆய்வில், காயத்திலிருந்து கிருமி எடுத்துச் சோதிக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல், தடுப்புக்காகக் கொடுத்த மருந்துக்கே கட்டுப்படாத கிருமி இருந்தது. ஆகவே நம் வார்டுகளின் நிலை மருந்தை நீட்டிக்கக் காரணமாகாது. நிறுத்த வேண்டிய நாளில் நிறுத்தத்தான் அது காரணம்.

விலையுயர்ந்த பொருட்களின் கதையும் இதே பாடத்தைச் சொல்கிறது. காயத்தின் மேல் பஞ்சுபோன்ற கட்டை ஒட்டி, சிறு இயந்திரத்தால் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் எதிரழுத்தக் கட்டு பல நாடுகளில் பரவலானது. அவசர வயிற்று அறுவைக்கென்றே பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 840 பேரிடம் அது சோதிக்கப்பட்டு, முடிவு 2025இல் வெளியானது. அந்தக் கட்டு போட்டவர்களிலும் போடாதவர்களிலும் காயத்தொற்று கிட்டத்தட்ட ஒரே அளவுதான். இரண்டு பக்கமும் நான்கில் ஒருவருக்கு மேல். அதற்கு முன், 2021இல் லான்செட் இதழில் வந்த ஃபால்கன் ஆய்வு இந்தியா, கானா, நைஜீரியா, ருவாண்டா, பெனின், தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ என்ற ஏழு நாடுகளின் 54 மருத்துவமனைகளில் 5,788 பேரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டது. அறுவைக்கு முன் தோலைத் துடைக்க, ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் சாதாரண பொவிடோன் அயோடினை விட நல்லதா? டிரைக்ளோசான் என்ற கிருமிநாசினி பூசிய நூல், பூசாத நூலை விட நல்லதா? இரண்டுக்கும் இல்லை என்றே விடை வந்தது. ஐந்தில் ஒருவருக்கு மேல், 22 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. 2010இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் குளோர்ஹெக்சிடின் தெளிவாக முந்தியிருந்ததால் பலருக்கு இது ஏமாற்றம். எனக்கு இதில் வியப்பில்லை. குடல் திறந்துகிடக்கும் வயிற்றில் ஆபத்து உள்ளிருந்து வருகிறது. வெளித்தோலை எதைக்கொண்டு துடைத்தாலும் அந்த ஊற்று அடைபடாது. தையல் முடிந்தபின் மேலே ஒட்டும் கட்டு, நூலோடு உள்ளே போய்விட்டதைத் தொடவும் முடியாது. டிரைக்ளோசானுக்குச் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் இயல்பிலேயே அடங்குவதில்லை. பலன் இல்லாததற்கு இவைதான் காரணம் என்பது என் ஊகம்தான். ஆனால் ஊரிலேயே கிடைக்கும் அயோடினும் சாதாரண நூலும் போதும் என்பது ஊகமில்லை; ஆய்வின் முடிவு.

அப்படியென்றால் பலன் தந்தது எது? அதே ஏழு நாடுகளில், இந்தியாவுக்கு லூதியானாவின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மையமாக இருக்க, சீட்டா என்ற பெயரில் ஒரு சோதனை நடந்தது. 81 மருத்துவமனைகள், 13,301 நோயாளிகள். கேட்ட கேள்வி மிக எளியது. உள்ளே வேலை முடிந்து வயிற்றை மூடத் தொடங்கும் முன், அறுவைக் குழு கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் என்ன ஆகும்? அந்த நேரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். குடலைக் கழுவிய உப்புநீர் கடைசியாக உறிஞ்சப்பட்டாயிற்று. மருத்துவரின் கையுறையில் இன்னும் அந்த ஈரம் இருக்கிறது. இரண்டு மணி நேர வேலையில் விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாத துளையும் விழுந்திருக்கலாம். தட்டில் கிடக்கும் நீடில் ஹோல்டர் சற்று முன் குடலின் ஓட்டையைத் தைத்தது. திசுவைப் பிடிக்கும் இடுக்கி குடலைப் பிடித்திருந்தது. இப்போது அதே கை, அதே இடுக்கி, அதே ஹோல்டர் கொழுப்பையும் தோலையும் பிடித்து, புது நூலை அதன் ஊடே இழுக்கின்றன. மீன் அரிந்த அரிவாள்மனையைக் கழுவாமல் எந்த வீட்டிலும் தயிர்ப்பச்சடிக்கு வெங்காயம் அரிவதில்லை. தியேட்டரில் அதுதான் வழக்கமாக இருந்தது. சோதனையில் வழக்கப்படி விடப்பட்ட மருத்துவமனைகளில் இந்த மாற்றம் நடந்தது நூற்றில் ஒருவருக்கும் குறைவாக. மாற்றச் சொன்ன மருத்துவமனைகளில் 98 சதவீதத்துக்கு மேல். முப்பது நாள் பின்தொடர்ந்தபோது, வழக்கப்படி செய்தவர்களில் தொற்று 18.9 சதவீதம், மாற்றியவர்களில் 16.0. மற்றக் காரணிகளைச் சரிசெய்த பின் ஆபத்து 13 சதவீதம் குறைந்திருந்தது. முன்கூட்டியே வகுத்துக்கொண்ட உட்பிரிவுகள் எதிலும் பலன் வேறுபட்டதாகத் தெரியவில்லை. முடிவு 2022இல் லான்செட்டில் வந்தது.

மூன்று சதவீதப் புள்ளி ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். முப்பத்தைந்து பேருக்குச் செய்தால் ஒருவருக்குச் சீழ் தவிர்க்கப்படுகிறது. தனி ஒரு மருத்துவரின் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. அதனால்தான் பதின்மூன்றாயிரம் பேரை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கு எழுநூறு வயிற்று அறுவைகள் நடக்கும் மருத்துவமனையில் இது இருபது பேர். இருபது பேரின் வேலைக்குப் போக முடியாத வாரங்கள். செய்கிறவருக்குத் தான் கையுறை மாற்றியது தெரியும், யார் எந்தப் பிரிவு என்பதை மறைத்துச் சோதிக்க முடியாத ஆய்வு இது என்ற குறையும் சொல்லலாம். அது சரியான குறைதான். ஆனால் எந்த மருத்துவமனை மாற்ற வேண்டும் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது. எது தொற்று என்பதற்கான வரையறையும் முன்பே எழுதப்பட்டிருந்தது. கையுறையும் கருவியும் சேர்த்தே மாற்றப்பட்டதால் எதனால் எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. ஆகவே கையுறையை மட்டும் மாற்றிவிட்டுச் செய்தாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. செலவு, நேரம், குப்பை பற்றிய கேள்வி இன்னும் கனமானது. பயன்பட்ட கையுறைகள் மருத்துவக் கழிவாகக் குவிகின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டெரிலைஸ் செய்த இரண்டாவது செட் எங்கே என்று நர்ஸ் தேடக்கூடாது. இதற்கு வழி முழு செட்டை இரட்டிப்பதில் இல்லை. மூடுவதற்குத் தேவையானது ஒரு நீடில் ஹோல்டர், இரண்டு மூன்று இடுக்கிகள், ஒரு கத்திரிக்கோல். அவற்றைத் தனிப் பொதியாகக் கட்டி, வேலை தொடங்கும்போதே பிரிக்காமல் ஓரமாக வைத்தால் போதும். கருவிகள் திரும்பத் திரும்பப் பயன்படுபவை. ஒரு சீழ்ப்புண்ணுக்கு வாரக்கணக்கில் செலவாகும் பஞ்சும் துணியும் கையுறையும் எவ்வளவு என்பதையும் அதே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

என் வாதத்துக்கு நேரடியாக இடிக்கும் ஓர் ஆய்வும் உண்டு, அதை மறைக்க முடியாது. வெட்டின் விளிம்பு முழுவதையும் பிளாஸ்டிக் உறையால் மூடி, அதற்குள் வேலை செய்யும் சாதனத்தை 2013இல் வெளியான ரொசினி ஆய்வு பிரிட்டனில் 760 பேரிடம் சோதித்தது. உறை போட்டவர்களில் 24.6 சதவீதம், போடாதவர்களில் 25.4 சதவீதம் தொற்று. கடைசித் தையலுக்கு முன் செய்யும் வேலைதான் என்றாலும் பலனில்லை. இரட்டை வளையம் உள்ள வேறு வகை உறைகள் சில ஆய்வுகளில் நன்றாகச் செயல்பட்டிருக்கின்றன. ரொசினியில் பயன்பட்டது ஒற்றை வளையம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூடத் தொடங்கும்போது உறையை எடுத்துவிடுகிறார்கள். அதுவரை காத்த விளிம்பை அழுக்கான கையும் கருவியும் தொடுவது அதற்குப் பிறகுதான். இது உறுதியான விடையென்று சொல்ல மாட்டேன். சீட்டா ஆய்வின் முடிவோடு இது பொருந்துகிறது என்று மட்டும் சொல்லலாம். மிக மோசமாகக் கெட்டுப்போன வயிற்றில் தோலை உடனே தைக்காமல் சில நாள் திறந்துவைப்பது பழைய வழி. ஆனால் வெடித்த குடல்வாலுக்குத் தாய்லாந்தில் நடந்த ஆய்வில் அது உடனே தைப்பதை விட நல்லதாக இருக்கவில்லை. அந்த முடிவை நோயாளியைக் கண்முன் வைத்திருக்கும் மருத்துவரிடம் விடுவதே சரி.

உடற்சூடு பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1996இல் ஆண்ட்ரியா குர்ஸ் குழு 200 பெருங்குடல் நோயாளிகளில் ஒரு பாதியைக் கதகதப்பாக 36.6 பாகை செல்சியஸில் வைத்தது, மறுபாதி 34.7 பாகைக்கு இறங்கியது. தொற்று 6 சதவீதம், 19 சதவீதம். 2022இல் ஐயாயிரம் பேரிடம் நடந்த ஆய்வு, 35.5 பாகைக்கும் 37 பாகைக்கும் முக்கியமான வேறுபாடு இல்லை என்று காட்டியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வரும் பொருள் எளிது: 37ஐத் துரத்த வேண்டாம், 35.5க்குக் கீழே விட்டுவிட வேண்டாம். ஏசி குளிரில் வயிறு திறந்து கிடக்கிறவருக்குச் சில்லென்ற டிரிப்ஸை லிட்டர் கணக்கில் ஏற்றினால் அந்த எல்லையைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. டிரிப்ஸைச் சூடாக்குவதும், மூடவேண்டிய உடற்பகுதியை மூடிவைப்பதும் எந்தத் தியேட்டராலும் முடியும். அறுவைக்கு முன் ரேசரால் மழிக்கும் பழக்கமும் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது தோலில் நுண்ணிய கீறல்களை உண்டாக்குகிறது. அதை நிறுத்துவதற்குப் பணமே வேண்டாம்.

இவற்றையெல்லாம் ஒரு படிவத்தில் போட்டு டிக் அடித்தால் தீர்ந்தது என்று எண்ணுவதும் தவறு. எட்டு நகரங்களில், டெல்லி உட்பட, உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலைச் சோதித்தபோது காயத்தொற்று 6.2 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாகக் குறைந்தது என்று 2009இல் எழுதினார்கள். அதையே கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் எல்லா மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்கியபோது பலன் தென்படவில்லை என்று 2014இல் இன்னொரு குழு எழுதியது. படிவம் நிரம்பிவிடும், கேள்வி உரக்கக் கேட்கப்பட்டதா, கை மாறியதா என்பதைப் படிவம் பார்ப்பதில்லை. பலன் கிடைத்ததா என்று தெரிய ஒரே வழி எண்ணுவதுதான். சீழ் பெரும்பாலும் நோயாளி வீட்டுக்குப் போன பிறகு வருவதால், டிஸ்சார்ஜ் அன்று கணக்கை மூடும் மருத்துவமனைக்குத் தன் தொற்று எவ்வளவு என்றே தெரியாது. முப்பதாம் நாள் ஒரு போன் செய்து நான்கு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்.

அவசர வயிற்று அறுவை நடக்கும் எல்லா மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்களும், அரசு மருத்துவமனைகளுக்குப் பொருட்கள் வாங்கித்தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும், எதிரழுத்தக் கட்டுக்கோ பூச்சு நூலுக்கோ டெண்டர் விடுவதற்கு முன், ஒவ்வோர் அறுவைக்கும் வயிற்றை மூடுவதற்கென ஒரு தனிக் கருவிப் பொதியும் குழுவுக்குப் புதுக் கையுறைகளும் இரவு பகல் எந்நேரமும் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். நோயாளியின் வீட்டார் செய்ய வேண்டியதும் உண்டு. மருத்துவர் சாப்பிடலாம் என்று சொன்ன பிறகு பத்தியம் என்ற பெயரில் முட்டையையும் மீனையும் பருப்பையும் நிறுத்தாதீர்கள்; காயம் ஆற அந்தப் புரதம்தான் தேவை. முப்பது நாள்வரை தையலில் சிவப்போ, கசிவோ, கூடவே காய்ச்சலோ கண்டால், யார் தவறு என்று விசாரித்துக்கொண்டிராமல் அன்றே காட்டுங்கள்.